பண்டைய கிரேக்க ஓவியக் கலங்கள்

பண்டைய கிரேக்க ஓவியக் கலங்கள் என்பவை ஏறத்தாழ கிமு 900 முதல் கிமு 300 வரையிலான காலத்தில் கிரேக்க நகரங்களிலும், தென் இத்தாலி, சிசிலி ஆகிய பகுதிகளில் இருந்த கிரேக்கக் குடியேற்றங்களிலும் வனையப்பட்டு, படம் தீட்டிச் சுடப்பட்ட மண்பாத்திரங்கள் ஆகும். இவற்றுள் ஏதென்ஸ் நகரில் கிமு 6, 5ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்டவை மிகவும் புகழ்பெற்றவை. இன்று இவை அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் கலைப்பொருள்களாக வைக்கப்பட்டுள்ளன. செய்யப்பட்ட காலத்திலோ இவை தண்ணீர் எடுக்கவும், மது கலக்கவும், எண்ணெய் வைக்கவும், இறந்தவருடன் புதைக்கவும் பயன்பட்ட புழங்குபொருள்கள். ஒரு கலத்தின் வடிவம், அதன் மேலுள்ள படம், அது கிடைத்த இடம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அது பண்டைய மக்களின் வாழ்க்கையைப் பற்றிய முழுமையான சான்றாகிறது.

சான்றாக நிலைத்த காரணம்

பண்டைய கிரேக்கர்கள் சுவர்களிலும் மரப்பலகைகளிலும் பெரிய ஓவியங்களைத் தீட்டினர். பாலிக்னோட்டஸ் போன்ற ஓவியர்களின் புகழைப் பழைய நூல்கள் பேசுகின்றன. ஆனால் அவர்களுடைய ஓவியம் ஒன்றுகூட இன்று இல்லை. மரம் மட்கியது, துணி அழிந்தது, வெள்ளியும் வெண்கலமும் உருக்கப்பட்டு வேறு பொருள்களாயின. சுட்ட களிமண்ணோ மட்குவதில்லை. உடைந்தாலும் அதை உருக்கி வேறொன்று செய்ய இயலாது. ஆகையால் விலை குறைந்த பொருளே மிகுதியாக எஞ்சியது. ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் பீஸ்லி ஆவணக் காப்பகத் தரவுத்தளத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கலங்களும் சில்லுகளும் பதிவாகியுள்ளன. கிரேக்கர்கள் எப்படி உடுத்தினர், எப்படி விருந்துண்டனர், பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பித்தனர், பிணத்தின் முன் எப்படி அழுதனர் என்பவற்றைக் கண்ணால் காண இவையே முதன்மையான வழி.

வளர்ச்சிக் கட்டங்கள்

கிரேக்கப் பகுதியில் ஓவியக் கலங்கள் வெண்கலக் காலத்திலேயே இருந்தன. கிரீட் தீவின் மினோவர்கள் எண்காலி, மீன், கடற்பாசி ஆகியவற்றைக் கலங்களில் தீட்டினர். மைசீனிய அரண்மனைகள் அழிந்த பின் கலைநயம் குன்றி, பின்னர் கிமு 900 அளவில் வடிவியல் பாணி தோன்றியது. கோடு, வட்டம், முக்கோணம், வளைந்து வளைந்து செல்லும் கோலக்கரை ஆகியவை பாத்திரம் முழுவதையும் மூடின. கிமு 8ஆம் நூற்றாண்டில் இந்தக் கோலங்களுக்கு நடுவே மனித உருவங்கள் வரத் தொடங்கின.

கிமு 700 அளவில் கொரிந்து நகரக் குயவர்கள் கரு உருவப் பாணியைக் கண்டறிந்தனர். கிழக்கு நாடுகளுடன் நடந்த வணிகத்தின் தாக்கத்தால் சிங்கம், ஸ்பிங்ஸ், தாமரை போன்ற வடிவங்கள் அவர்களுடைய சிறிய நறுமண எண்ணெய்க் குப்பிகளில் இடம்பெற்றன. அடுத்த நூற்றாண்டில் ஏதென்ஸ் அந்தப் பாணியைக் கற்றுக்கொண்டு கொரிந்தை முந்தியது. இப்பாணியில் உருவங்கள் கறுப்பு நிழல்போலத் தீட்டப்பட்டு, கண், முடி, ஆடை மடிப்பு போன்ற நுணுக்கங்கள் கூர்முனையால் கீறிக் காட்டப்பட்டன. பெண்களின் தோலுக்கு வெள்ளையும், ஆடை, தாடி போன்றவற்றுக்கு ஊதா கலந்த சிவப்பும் சேர்க்கப்பட்டன.

கிமு 530 முதல் 520 வரையிலான காலத்தில் ஏதென்ஸில் செவ்வுருவப் பாணி பிறந்தது. முன்பு உருவம் கறுப்பு, பின்னணி மண்ணின் சிவப்பு. இப்போது பின்னணி கறுப்பாகி உருவம் சிவப்பாக விடப்பட்டது. கீறுவதற்குப் பதில் தூரிகையால் கோடு இழுக்க முடிந்ததால் தசை, ஆடைமடிப்பு, உடல் திரும்பும் நிலை ஆகியவற்றை நுட்பமாக வரைய முடிந்தது. மாற்றக் காலத்தில் ஒரே ஆம்போராவின் ஒரு பக்கத்தைக் கரு உருவத்திலும் மறுபக்கத்தைச் செவ்வுருவத்திலும் தீட்டியதும் உண்டு. இவற்றை ஆய்வாளர்கள் இருமொழிக் கலங்கள் என்கின்றனர்.

மண்ணும் சூளையும்

ஏதென்ஸ் அமைந்துள்ள அட்டிக்கா பகுதியின் களிமண்ணில் இரும்புச்சத்து மிகுதி. சுட்டால் அது செம்மஞ்சள் நிறம் பெறும். குயவர்கள் மண்ணை நீரில் கரைத்து, கல்லும் மணலும் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நுண்மண்ணை எடுத்துப் பதப்படுத்தினர். சக்கரத்தில் உடல், கழுத்து, அடி ஆகியவற்றைத் தனித்தனியாக வனைந்து, பாதி காய்ந்த பதத்தில் மண்குழம்பால் ஒட்டினர். கைப்பிடிகள் கையால் செய்து பொருத்தப்பட்டன.

கலத்தில் காணப்படும் பளபளப்பான கறுப்பு, தனியான ஒரு சாயம் அன்று. அதே களிமண்ணைப் பலமுறை கரைத்து வடித்து எடுத்த மிக நுண்ணிய மண்குழம்புதான் அது. பூசும்போது அதற்கும் பாத்திரத்தின் மண்ணுக்கும் நிற வேறுபாடு குறைவு. கறுப்பும் சிவப்பும் பிரிந்தது சூளையில். ஒரே சூட்டில் மூன்று கட்டங்கள் நடந்தன.

முதற்கட்டத்தில் சூளையின் காற்றுவழிகள் திறந்திருக்கும். வெப்பம் ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வரை உயரும். காற்றிலுள்ள ஆக்சிசன் மண்ணின் இரும்புடன் சேர்வதால் பாத்திரம் முழுவதும் சிவக்கும்.

இரண்டாம் கட்டத்தில் காற்றுவழிகளை அடைத்துப் பச்சை விறகோ ஈரமான பொருளோ இடுவர். ஆக்சிசன் குறைந்து கார்பன் மோனாக்சைடு பெருகும். இரும்பு ஆக்சைடு ஆக்சிசனை இழப்பதால் பாத்திரம் முழுவதும் கறுக்கும். வெப்பம் 900 பாகையைத் தாண்டும்போது நுண்மண் பூசிய பகுதி மட்டும் உருகி இறுகிக் கண்ணாடி போன்ற படலமாகும்.

மூன்றாம் கட்டத்தில் வெப்பம் தணியும்போது காற்றுவழிகள் மீண்டும் திறக்கப்படும். பூசாத பகுதியில் நுண்துளைகள் இருப்பதால் ஆக்சிசன் உள்ளே சென்று அதை மீண்டும் சிவப்பாக்கும். இறுகிய படலத்துக்குள் ஆக்சிசன் நுழைய முடியாது. எனவே அது கறுப்பாகவே நிற்கும்.

வெப்பமானி இல்லாத காலத்தில், புகையையும் நெருப்பின் நிறத்தையும் சூளைக்குள் வைத்த மாதிரிச் சில்லுகளையும் பார்த்தே இதைக் குயவர்கள் செய்து முடித்தனர். காற்றுவழியைச் சற்று முன்போ பின்போ திறந்தால் பல நாள் உழைப்பு வீணாகும். கொரிந்துக்கு அருகில் பெந்தெஸ்கூபியா என்ற இடத்தில் கிடைத்த கிமு 6ஆம் நூற்றாண்டு மண்பலகைகளில் மண் வெட்டுதல், சூளை எரித்தல் போன்ற காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. மறைந்துபோன இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படையை ஜெர்மானிய வேதியியலாளர் தியோடோர் ஷூமன் 1942இல் விளக்கினார்.

வடிவமும் பயனும்

கிரேக்கர்கள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வடிவத்தில் கலம் செய்தனர். முக்கியமானவை வருமாறு:

- ஆம்போரா: இரு கைப்பிடிகள் கொண்ட சேமிப்புக் கலம். மது, எண்ணெய் முதலியவை வைக்க உதவியது.
- ஹைட்ரியா: தண்ணீர்க் குடம். தூக்குவதற்கு இரு பக்கக் கைப்பிடிகளும், சாய்த்து ஊற்றுவதற்குப் பின்புறம் ஒரு கைப்பிடியும் உடையது.
- கிரேட்டர்: மதுவும் தண்ணீரும் கலப்பதற்கான அகன்ற வாய்க் கலம்.
- ஒயினோகோயி: மது ஊற்றும் ஒற்றைக் கைப்பிடிச் செம்பு.
- கைலிக்ஸ்: அகலமான, ஆழம் குறைந்த, தண்டுடன் கூடிய குடிகிண்ணம்.
- லெகிதோஸ்: ஒடுங்கிய கழுத்துள்ள எண்ணெய்க் குப்பி.
- அரிபல்லோஸ்: உருண்டையான சிறு எண்ணெய்க் குப்பி.
- பிக்சிஸ்: நகை, ஒப்பனைப் பொருள்கள் வைக்கும் மூடியுள்ள சிமிழ்.

வடிவத்தின் காரணம் பயனில்தான் இருக்கிறது. எண்ணெய்க் குப்பியின் கழுத்து ஒடுங்கியிருப்பது விலையுயர்ந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுவதற்காக. கிரேட்டரின் வாய் அகன்றிருப்பது கிண்ணத்தாலோ செம்பாலோ முகந்து எடுப்பதற்காக.

ஆண்களின் விருந்து

கிரேக்க ஓவியக் கலங்களில் பெரும்பகுதி சிம்போசியம் எனப்பட்ட மது விருந்துக்காகச் செய்யப்பட்டது. வீட்டில் ஆண்களுக்கென இருந்த அறையில் விருந்தினர் கட்டில்களில் இடக்கை ஊன்றிச் சாய்ந்திருப்பர். கிரேக்கர்கள் மதுவைத் தண்ணீர் கலந்தே குடித்தனர். கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர் வழக்கம் எனக் கருதினர். ஆகவே நடுவில் வைத்த கிரேட்டரே விருந்தின் மையம். எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்று விருந்துத் தலைவர் முடிவு செய்வார். கோடைக்காலத்தில் காளான் வடிவிலான சிக்டர் என்ற கலத்தில் மதுவை நிரப்பி, குளிர்ந்த நீருள்ள கிரேட்டருக்குள் மிதக்கவிட்டுக் குளிரூட்டினர்.

கிண்ணங்களும் விருந்தில் பங்கு கொண்டன. சில கைலிக்ஸ்களின் வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் தீட்டப்பட்டிருக்கும். குடிப்பவர் கிண்ணத்தைத் தூக்கிச் சாய்க்கும்போது எதிரே இருப்பவருக்கு அது முகமூடிபோலத் தெரியும். கிண்ணத்தின் உட்புற வட்டத்திலுள்ள படமோ மது தீர்ந்தால்தான் வெளிப்படும். எஞ்சிய வண்டலைக் கிண்ணத்திலிருந்து சுண்டி ஓர் இலக்கின்மேல் அடிக்கும் கொட்டபோஸ் என்ற விளையாட்டும் படங்களில் காணப்படுகிறது.

இந்த விருந்தில் குடிமக்களின் மனைவியருக்கோ மகள்களுக்கோ இடமில்லை. படங்களில் தோன்றும் பெண்கள் குழல் வாசிப்பவர்களும், கூலிக்கு அழைத்துவரப்பட்ட கணிகையரும் ஆவர். அவர்களிலும், மது ஊற்றும் சிறுவர்களிலும் பலர் அடிமைகள்.

பெண்களும் குழந்தைகளும்

கிமு 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்ட பல ஹைட்ரியாக்களில் பெண்கள் நீரூற்று மண்டபத்தில் தண்ணீர் பிடிக்கும் காட்சி உள்ளது. படத்திலுள்ள பெண்களின் தலையில் இருப்பதும் ஹைட்ரியாதான். வெறுங்குடத்தைப் படுக்கையாகவும் நிறைகுடத்தை நிமிர்த்தியும் அவர்கள் சுமப்பதை ஓவியர்கள் கவனித்து வரைந்துள்ளனர்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள சிறிய லெகிதோஸ் ஒன்றில், கிமு 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்த அமாசிஸ் ஓவியர், பெண்கள் கம்பளி நிறுப்பதையும், நூல் நூற்பதையும், நிலைத்தறியில் நெய்வதையும், நெய்த துணியை மடிப்பதையும் வரிசையாகக் காட்டியுள்ளார். கிரேக்கத் தறியின் அமைப்பை அறிய இப்படம் பெரிதும் உதவுகிறது. கம்பளி இழையை உருட்டுவதற்காகத் தொடைமேல் கவிழ்த்து வைக்கும் எபினெட்ரான் என்ற மண்கருவியும் படங்களால் அழகுபடுத்தப்பட்டது.

குழந்தைகளுக்கும் கலங்கள் இருந்தன. வசந்த காலத்தில் நடந்த அந்தெஸ்தேரியா என்ற மதுத் திருவிழாவோடு தொடர்புடைய சிறிய செம்புகளில், தவழும் குழந்தை, பொம்மை வண்டி இழுக்கும் சிறுவன், வீட்டுநாய் போன்ற படங்கள் உள்ளன. ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில், கைக்குழந்தை மலம் கழிப்பதற்கான மண் இருக்கை ஒன்று கிடைத்துள்ளது. கிமு 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன்மேலும் கரு உருவப் படங்கள் உள்ளன.

கல்வி பற்றிய புகழ்பெற்ற காட்சி, தூரிஸ் என்ற ஓவியர் கிமு 490–480 அளவில் தீட்டிய கிண்ணத்தில் உள்ளது. பெர்லினில் உள்ள இக்கிண்ணத்தில் ஒருவர் மாணவனுக்கு யாழ் கற்பிக்கிறார். மற்றொருவர் சுருள் ஏட்டைப் பிடித்திருக்க, மாணவன் எதிரே நின்று பாடம் ஒப்பிக்கிறான். மறுபக்கத்தில் குழலிசையும் எழுத்துப் பலகையும் காணப்படுகின்றன. பாடத்தை ஒரு கோலுடன் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர், சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துவரும் பணியாளர் எனக் கருதப்படுகிறார். மாணவர் அனைவரும் சிறுவர்கள். சிறுமி ஒருத்தியும் இல்லை.

போட்டியும் பரிசும்

உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞன் அரிபல்லோஸைக் கயிற்றில் கட்டி மணிக்கட்டில் தொங்கவிட்டுச் செல்வான். எண்ணெய் பூசிப் பயிற்சி செய்தபின் வியர்வையையும் புழுதியையும் உலோக வழிப்பானால் வழித்தெடுப்பான்.

ஏதென்ஸில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்த பெரும் பனதெனயா விழாவின் போட்டிகளில், ஏதெனா தெய்வத்தின் புனித ஒலிவ மரங்களிலிருந்து எடுத்த எண்ணெய் பரிசாக வழங்கப்பட்டது. அதற்கென்றே தனி ஆம்போராக்கள் செய்யப்பட்டன. ஒரு பக்கத்தில் ஆயுதம் ஏந்திய ஏதெனாவும், ஏதென்ஸின் பரிசு இது என்ற எழுத்தும், மறுபக்கத்தில் போட்டியின் காட்சியும் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 38 லிட்டர் எண்ணெய் கொள்ளும். கிமு 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றின்படி, தேர்ப் பந்தயம் ஒன்றின் முதற்பரிசு 140 ஆம்போராக்கள். அதாவது 5,000 லிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய். வென்றவர் அதை விற்றுப் பணமாக்கலாம். அவ்வெண்ணெயை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யவும் அவருக்கு உரிமை இருந்தது. செவ்வுருவப் பாணி பரவிய பின்னரும் இப்பரிசுக் கலங்கள் மட்டும் பழைய கரு உருவப் பாணியிலேயே செய்யப்பட்டன. சடங்குப் பொருள்களில் பழமை மாறாமல் இருப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இறப்பும் நினைவும்

கிமு 8ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் செல்வர் கல்லறைகளின் மேல் ஆளுயரக் கலங்கள் அடையாளமாக நிறுத்தப்பட்டன. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திலுள்ள திப்பிலான் ஆம்போரா 1.55 மீட்டர் உயரம் உடையது. அதில் பாடைமேல் கிடத்தப்பட்ட பெண்ணின் இருபுறமும், கைகளைத் தலைமேல் வைத்துப் புலம்புவோர் வரிசையாக நிற்கின்றனர். உருவங்கள் வெறும் முக்கோணங்களாலும் கோடுகளாலும் ஆனவை. ஆயினும் துயரம் தெளிவாகத் தெரிகிறது.

கிமு 5ஆம் நூற்றாண்டில் வெண்பூச்சு லெகிதோஸ்கள் இறப்புச் சடங்குக்கென்று செய்யப்பட்டன. வெள்ளைப் பின்னணியில் மென்மையான கோடுகளும் நீலம், சிவப்பு, பச்சை போன்ற வண்ணங்களும் இவற்றில் உள்ளன. அந்த வண்ணங்கள் எளிதில் உதிரும். அன்றாடம் கையாள ஏற்றவை அல்ல. கல்லறைக்கு வந்து நாடா கட்டும் பெண், இறந்தவரை ஏற்றிச் செல்லக் காத்திருக்கும் படகோட்டி காரோன் ஆகியவை வழக்கமான காட்சிகள். சில லெகிதோஸ்களின் உள்ளே கழுத்துக்குக் கீழ் ஒரு சிறு குப்பி ஒட்டப்பட்டுள்ளது. வெளியே பார்க்கப் பெரிய கலம் நிறைய எண்ணெய் படைத்ததுபோலத் தோன்றும். உண்மையில் சிறிதளவே செலவாகும். சடங்கைக் குறையின்றிச் செய்யவும் வேண்டும், செலவைக் குறைக்கவும் வேண்டும் என்ற குடும்பங்களின் நிலையை இது உணர்த்துகிறது.

லூட்ரோபோரோஸ் என்ற நெடிய கழுத்துக் கலம் திருமண நீராட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரப் பயன்பட்டது. திருமணம் ஆகாமல் இறந்தவரின் கல்லறையிலும் இதே கலம் வைக்கப்பட்டது. வாழ்வில் கிடைக்காத சடங்கை இறப்பில் நிறைவு செய்யும் வழக்கம் அது.

குயவர்களும் ஓவியர்களும்

ஏதென்ஸில் குயவர்கள் வாழ்ந்த பகுதி கெராமெய்கோஸ் எனப்பட்டது. குயவர் மண்ணைக் குறிக்கும் கெராமோஸ் என்ற கிரேக்கச் சொல்லோடு தொடர்புடைய பெயர் இது. இன்று வழங்கும் செராமிக் என்ற சொல்லும் அதிலிருந்தே வந்தது.

சில கலங்களில் வனைந்தவர் பெயரும் தீட்டியவர் பெயரும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. கிமு 570 அளவில் செய்யப்பட்ட பிரான்சுவா கலம் என்னும் 66 சென்டிமீட்டர் உயரக் கிரேட்டரில், வனைந்தவர் எர்கோதிமோஸ் என்றும் தீட்டியவர் கிளெய்தியாஸ் என்றும் உள்ளது. இதில் 200க்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. பலவற்றின் அருகே பெயரும் எழுதப்பட்டுள்ளது. எக்சேகியாஸ் என்பவர் இரு தொழிலும் அறிந்தவர். வத்திக்கானில் உள்ள அவருடைய ஆம்போராவில், போர்வீரர்களான அக்கிலீசும் அயாக்சும் காய் விளையாட்டில் ஆழ்ந்திருக்கின்றனர். அவர்கள் சொல்லும் நான்கு, மூன்று என்ற எண்கள் வாயருகே எழுதப்பட்டுள்ளன. யூத்திமிதேஸ் என்ற ஓவியர், யூப்ரோனியோஸால் ஒருபோதும் இப்படிச் செய்ய முடியாது என்ற பொருளில் தம் கலத்தில் எழுதிவைத்துள்ளார். தொழிற்போட்டி அந்த அளவுக்கு இருந்தது.

அமாசிஸ், லைடோஸ், ஸ்கைதேஸ் போன்ற பெயர்கள் எகிப்து, லிடியா, சித்தியா ஆகிய அயல்நாடுகளோடு தொடர்புடையவை. ஏதென்ஸின் குயவர் தெருவில் வெளியூரார் பலர் உழைத்தனர் என்பதை இவை காட்டுகின்றன. பெரும்பான்மையோர் பெயர் எழுதவே இல்லை.

விலையும் வணிகமும்

சில கலங்களின் அடிப்பகுதியில் வணிகர்கள் கீறிய குறிகளும் விலைகளும் உள்ளன. படம் தீட்டிய பெரிய ஹைட்ரியா ஒன்று இரண்டு அல்லது மூன்று திராக்மாவுக்கு விற்றது. கிமு 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் கைவினைஞரின் ஒருநாள் கூலி ஒரு திராக்மா. எனவே பெரிய கலம் சில நாள் கூலிக்குச் சமம். சிறிய கிண்ணம் அதைவிட மிகக் குறைவு. உடைந்த கலங்களைத் துளையிட்டு ஈயத்தாலோ வெண்கலத்தாலோ கவ்விப் பிணைத்துப் பயன்படுத்தியதற்கும் சான்றுகள் உள்ளன. விலை குறைவுதான், ஆனால் எளிதில் தூக்கி எறியும் பொருளும் அன்று.

ஏதென்ஸின் கலங்கள் கருங்கடற்கரை, எகிப்து, ஸ்பெயின் வரை சென்றன. பிரான்சின் உட்பகுதியில் விக்ஸ் என்ற இடத்தில், கிமு 500 அளவில் புதைக்கப்பட்ட பெண்ணின் கல்லறையிலும் ஏதென்ஸ் கிண்ணங்கள் கிடைத்தன. மிகப்பெரிய சந்தை இத்தாலியின் எட்ருஸ்கர் நாடு. நிகோஸ்தெனிஸ் என்ற பட்டறை உரிமையாளர், எட்ருஸ்கர் தாமே செய்துவந்த கறுப்பு மண்கலத்தின் வடிவத்தைப் பின்பற்றி ஆம்போராக்கள் செய்து அவர்களுக்கே அனுப்பினார். அவ்வகைக் கலங்கள் ஏறத்தாழ அனைத்தும் செர்வெத்தேரி என்ற ஒரே ஊரில் கிடைத்துள்ளன.

இன்று முழுமையாக உள்ள ஏதென்ஸ் கலங்களில் மிகப்பல எட்ருஸ்கர் கல்லறைகளில் கிடைத்தவை. கல்லறை அறைக்குள் பத்திரமாக இருந்ததால் அவை உடையாமல் தப்பின. ஏதென்ஸ் வீடுகளில் புழங்கியவை சில்லுகளாகவே கிடைக்கின்றன. எனவே அருங்காட்சியகத்தில் காணும் தொகுப்பு, ஏதென்ஸ் மக்கள் பயன்படுத்தியவற்றின் சரியான மாதிரி ஆகாது. வாங்கியவர் விருப்பமும் அதில் கலந்துள்ளது.

உடைந்தபின் கிடைத்த பயன்

கிமு 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில், ஆபத்தானவர் எனக் கருதப்பட்ட அரசியல் தலைவரைப் பத்தாண்டுக் காலம் நாடுகடத்தக் குடிமக்கள் வாக்களித்தனர். வாக்குச் சீட்டாகப் பயன்பட்டது உடைந்த பானையோடு. ஓட்டைக் குறிக்கும் ஆஸ்ட்ரகோன் என்ற சொல்லிலிருந்தே அம்முறைக்கு ஆஸ்ட்ரசிசம் என்ற பெயர் வந்தது. அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டாக்ளீஸ் பெயர் கீறிய 190 ஓடுகள் கிடைத்தன. அவற்றை எழுதிய கைகள் 14 மட்டுமே. எதிரிகள் முன்கூட்டியே எழுதி விநியோகிக்கத் தயாராக வைத்திருந்தனர் என்று இதிலிருந்து ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எந்த வரலாற்று நூலும் சொல்லாத தேர்தல் உத்தி ஒன்று ஓடுகளால் தெரியவந்தது.

படங்களைப் படிக்கும் முறை

கலப்படங்கள் நிழற்படங்கள் அல்ல. பெரும்பாலும் வாங்குவோருக்குப் பிடித்தவையே வரையப்பட்டன. தொன்மக் கதைகளும் விருந்தும் விளையாட்டும் போரும் மிகுதி. பெர்லினிலுள்ள கிண்ணம் ஒன்று வெண்கல வார்ப்புப் பட்டறையையும், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள ஆம்போரா ஒன்று ஒலிவக்காய் அடித்து உதிர்ப்பதையும் காட்டுகின்றன. ஆனால் உழைப்புக் காட்சிகள் ஒப்பீட்டளவில் குறைவு. ஏதென்ஸின் செல்வத்துக்கு அடிப்படையான லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் உழைத்த ஆயிரக்கணக்கான அடிமைகளின் வாழ்க்கை இக்கலங்களில் இடம்பெறவில்லை. படத்தில் இல்லாததால் அது வாழ்க்கையில் இல்லை என்று கொள்ளக்கூடாது.

மறைவும் தொடர்ச்சியும்

கிமு 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் இத்தாலியிலும் சிசிலியிலும் செவ்வுருவக் கலங்கள் உள்ளூரிலேயே செய்யப்பட்டன. பெலோப்பொனேசியப் போரில் தோற்ற ஏதென்ஸ் மேற்குச் சந்தையை மெல்ல இழந்தது. கிமு 300 அளவில் படம் தீட்டும் வழக்கம் ஏறத்தாழ மறைந்தது. உலோகப் பாத்திரங்களைப் போல அச்சில் புடைப்பு வேலைப்பாடு செய்த கலங்கள் விருப்பமாயின.

நுண்மண் குழம்பைப் பூசிப் பளபளப்பாகச் சுடும் முறை மட்டும் தொடர்ந்தது. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் செய்யப்பட்ட சிவப்பு நிற அரெட்டைன் கலங்கள் அம்மரபில் வந்தவை. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர் 1945இல் நடத்திய அகழாய்வில் இவ்வகைச் சில்லுகள் கிடைத்தன. அரெட்டைன் கலங்களின் காலம் முன்பே தெரிந்திருந்ததால், அவற்றோடு கிடைத்த உள்ளூர் மட்கலங்களின் காலத்தைக் கணிக்கவும் அவை உதவின.

மறுகண்டுபிடிப்பும் கொள்ளையும்

18ஆம் நூற்றாண்டில் இக்கலங்கள் இத்தாலியில் கிடைத்ததால் எட்ருஸ்கர் செய்தவை என்றே பலர் எண்ணினர். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1769இல் தொடங்கிய மண்கலத் தொழிற்சாலைக்கு எட்ருரியா என்று பெயரிட்டது இதனால்தான். கலங்களிலுள்ள கிரேக்க எழுத்துகளே பின்னர் உண்மையைத் தெளிவாக்கின. 1828 முதல் வுல்சியில் ஆயிரக்கணக்கான கலங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் ஜான் பீஸ்லி, காது, கண், கணுக்கால் போன்றவற்றை வரையும் முறையை ஒப்பிட்டுப் பெயரில்லாத நூற்றுக்கணக்கான ஓவியர்களை இனங்கண்டார். பெர்லின் ஓவியர் போன்ற பெயர்கள் அவர் சூட்டியவை.

ஓவியரின் கை முக்கியமானபோது விலையும் ஏறியது. அதோடு கல்லறைக் கொள்ளையும் பெருகியது. யூப்ரோனியோஸ் கிமு 515 அளவில் தீட்டிய கிரேட்டர் ஒன்றில், போரில் இறந்த சார்பெடோனின் உடலை உறக்கமும் மரணமும் தூக்கிச் செல்கின்றன. 1971இல் செர்வெத்தேரி கல்லறை ஒன்றிலிருந்து கள்ளத்தனமாகத் தோண்டப்பட்ட இதை, மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972இல் 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1995இல் ஜெனீவாவின் கிடங்கு ஒன்றில் நடந்த சோதனையில், மண்ணும் அழுக்கும் படிந்த கலங்களின் உடனடி நிழற்படங்கள் ஏராளமாகச் சிக்கின. அவ்விசாரணையின் தொடர்ச்சியாகப் பல அருங்காட்சியகங்கள் கலங்களைத் திருப்பித் தந்தன. சார்பெடோன் கிரேட்டரும் 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது. இப்போது செர்வெத்தேரி அருங்காட்சியகத்தில் உள்ளது.

கலம் திரும்பியது, கல்லறை பற்றிய செய்தி திரும்பவில்லை. புதைக்கப்பட்டவர் ஆணா பெண்ணா, அக்கலத்துடன் வேறென்ன வைக்கப்பட்டது, ஏதென்ஸ் விருந்துக்கான கலத்தை ஓர் எட்ருஸ்கர் குடும்பம் எந்தச் சடங்குக்குப் பயன்படுத்தியது என்ற கேள்விகளுக்கான விடை, கள்ளத்தனமாகத் தோண்டிய இரவிலேயே அழிந்தது. 1900இல் புளோரன்ஸ் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் முக்காலியை வீசியதால் பிரான்சுவா கலம் 638 துண்டுகளாக உடைந்தது. அதைப் பொறுமையாக ஒட்டிச் சேர்க்க முடிந்தது. கிடைத்த இடத்தின் பதிவு அப்படி ஒட்டக்கூடியது அன்று. பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ உருவாக்கிய உடன்படிக்கை, இந்தச் சான்றுகள் அவை கிடக்கும் இடத்திலேயே முறையாக ஆராயப்படுவதற்குத் துணைநிற்கிறது.